வருவோரை முன்னரே வரவேற்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆட்சிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் மொழியின் தொன்மையையும் இலக்கியத்தின் இனிமையையும் எடுத்துரைப்பது மரபு. ஆட்சிக் குழு இன்று நமக்கு இட்ட பணி வேறு. நம் மன்றத்தின் கதவுகளைப் பற்றியும், படிக்கட்டுகளைப் பற்றியும், சமையற்கூடத்தைப் பற்றியும், ஆபத்து நேரும் வேளையில் அவற்றை நோக்கி ஓடி வரப்போகும் மனிதரைப் பற்றியும் பேசுமாறு பணித்துள்ளது. விழாவுக்கு ஒவ்வாத பேச்சு இது என்று எவரேனும் எண்ணுவராயின், அவர்களிடம் ஒன்று கூறுவோம்: தமிழ் வாழத் தமிழர் கூடும் இடம் வேண்டும், அங்கே கூடியவர் நலமே வீடு திரும்பவும் வேண்டும்.

மும்பை மாநகரிலே சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் எழுந்தது நம் மன்றம். காலையில் இங்கே சிறுவர் தமிழ் எழுத்துப் பயில்கின்றனர். மாலையில் பரதமும் பாட்டும் நடைபெறுகின்றன. முகூர்த்த நாள்களில் திருமணம், சீமந்தம், மணிவிழா என ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. பொங்கலன்று காலனி முழுவதும் இங்கே திரண்டுவிடும். கைத்தடி ஊன்றிய தாத்தாவும், இடுப்பில் ஏறிய பேரக்குழந்தையும், ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய உறவினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருப்பர். இந்நகரில் நமக்கு இஃதொரு பொது வீடு. பொது வீட்டின் காவலும் பொதுவானதே.

இவ்வீட்டில் ஒரு நாள் மின்கம்பி பொறி கக்கித் திரைச்சீலை பற்றிக்கொண்டால் என்ன செய்வோம்? கூட்டத்தின் நடுவே பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பற்றிக்கொண்டு சாய்ந்தால் என்ன செய்வோம்? ஆடி மாத மழையில் தெரு ஆறாகி, வாயிற்படியைத் தாண்டி நீர் உள்ளே புகுந்தால் என்ன செய்வோம்? உதவிக்கு ஆள் அழைப்போம். வருவோர் யார்? அருகிலுள்ள நிலையத்துத் தீயணைப்புப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர், காவல் நிலையத்தார், மாநகராட்சியின் வட்டார அலுவலகத்தார். அவர்கள் வருவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் நம் மன்றத்தை முதன்முறையாகக் காணும் நேரம், அது புகையால் சூழப்பட்டிருக்கும் நேரமாக இருத்தல் ஆகாது. இன்று நாம் சொல்ல வந்தது இவ்வொன்றே.

வருமுன் காத்தலின் இன்றியமையாமையைச் சொல்ல வந்த திருவள்ளுவர், உவமைக்கு நெருப்பையும் வைக்கோற்போரையுமே எடுத்துக்கொண்டார். ஈராயிரம் ஆண்டு மூத்த அறிவுரை நமக்கு உண்டு. அதனை நம் மன்றத்தின் வாயிலுக்கும் படிக்கட்டுக்கும் பொருத்திப் பார்ப்பது நம் கடமை.

இந்நகரத்து வரலாற்றிலேயே இதற்கொரு பெரும் பாடம் உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய் விக்டோரியா துறையில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கப்பலின் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. நண்பகலுக்குப் பின் பஞ்சிலே தீ மூண்டது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் என்பதைக் கரையிலுள்ளோர்க்கு உணர்த்தும் சிவப்புக் கொடி அன்று அதன்மேல் பறக்கவில்லை. விரைந்து வந்த தீயணைப்பு வீரர் அக்கப்பலின்மேல் நின்றே நீர் பாய்ச்சினர். மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர் உயிர் துறந்தனர்.

அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14ஆம் நாள் இந்நாடு முழுவதும் தீயணைப்புப் பணியினர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனைத் தொடர்ந்து 20ஆம் நாள் வரை தீயணைப்பு வாரமும் நடைபெறுகிறது. அன்பர்களே, ஏப்ரல் 14 என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது யாது? பெரும்பாலும் அந்நாளே நமக்குச் சித்திரை முதல் நாள். நாம் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் பரிமாறி ஆண்டை வரவேற்கும் அதே நாளில், இந்நகரின் தீயணைப்பு வீரர் தம் முன்னோரை நினைந்து தலைகுனிந்து நிற்கின்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஒரு தெருவின் தொலைவே உள்ளது. அத்தொலைவைக் கடப்பது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கப்பலில் நிகழ்ந்தது மண்டபத்திலும் நிகழக்கூடும் என்பதற்குச் சான்றுகள் பல உள. அவற்றுள் சில நம் உள்ளத்தைச் சுடுவன. ஆயினும் சொல்லாமல் விடுதல் தகாது.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அரியானா மாநிலத்து டப்வாலி என்னும் சிற்றூரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. இன்று நாம் கூடியிருப்பதைப் போன்றே பெற்றோரும் குழந்தைகளும் பந்தலின்கீழ்க் கூடியிருந்தனர். செயற்கை இழைத் துணி வேய்ந்த பந்தல் தீப்பற்றி உருகி மக்கள்மீது வீழ்ந்தது. வெளியேறும் வழியோ குறுகியது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பகுதியினர் குழந்தைகளும் பெண்டிரும்.

1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் தில்லி கிரீன் பார்க் பகுதியில் உப்ஹார் திரையரங்கில் பிற்பகற் காட்சி நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் கார்கள் நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்த டிரான்ஸ்பார்மரில் தோன்றிய தீ கார்களுக்குப் பரவியது. புகை மேலேறி மாடத்தில் அமர்ந்தோரைச் சூழ்ந்தது. அம்மாடத்தில் நடைவழி ஒன்றை அடைத்துக் கூடுதல் நாற்காலிகள் போட்டிருந்தனர். விளக்குகள் அணைந்தன; எச்சரிக்கும் அறிவிப்பு எதுவும் ஒலிக்கவில்லை. 59 பேர் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். அவர்களை மாய்த்தது பெரிதும் புகையே.

நம் தாயகத்திலும் 2004ஆம் ஆண்டு இருமுறை இக்கொடுமை நேர்ந்தது. சனவரித் திங்களில் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கூரைப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவ, 94 பிஞ்சுகள் கருகின. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இம்மன்றத்திலும் அமர்ந்துள்ளன. அவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவை எல்லாவற்றிலும் தீயின் காரணம் வேறு வேறு. ஆனால் உயிரிழப்பின் காரணம் ஒன்றுபோலவே இருக்கிறது. வழி குறுகியது, அல்லது அடைக்கப்பட்டது, அல்லது எங்குள்ளது என்பது கூடியிருந்தோர்க்குத் தெரியவில்லை. தீ வேண்டுமென்பதும் இல்லை. இந்நகரில் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், அந்நாளில் எல்பின்ஸ்டன் ரோடு என்று வழங்கிய ரயில் நிலையத்து நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் இறங்க முயன்ற கூட்டமும் நெருக்கியதில் 23 பேர் மாண்டனர். அங்கே ஒரு தீப்பொறியும் இல்லை.

இனி, உதவிக்கு வருவோரைப் பற்றிய பாடமொன்று கொல்கத்தாவில் கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் தாக்கூரியாப் பகுதியிலுள்ள ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ மூண்டது. அங்கே எளிதில் எரியும் பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. புகை குளிர்சாதனக் குழாய்களின் வழியே மாடிதோறும் ஏறியது. தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி காலந்தாழ்ந்தே சென்றது. நகர இயலாத நோயாளிகள் ஏறத்தாழ 90 பேர் படுக்கையிலேயே மாண்டனர். அம்மருத்துவமனையின் மதிலுக்கு அப்பால் ஒரு குடிசைப் பகுதி. புகையை முதலிற் கண்டு உதவ ஓடி வந்தவர் அக்குடிசை இளைஞரே. காவலாளிகள் அவர்களைத் திருப்பியனுப்பினர் என அந்நாட் செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் அவ்விளைஞரே மூங்கிலும் கயிறும் கொண்டு மதிலேறிப் பலரைக் காப்பாற்றினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? உதவிக்கு வருவோர் யார் என்பதையும், அவர்களுக்கு எவ்வழி திறக்க வேண்டும் என்பதையும் முன்னரே அறியாத இடத்தில், உதவியும் வாயிலில் நின்றுவிடும். காவலாளிக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தால் கதவு திறந்திருக்கும். நிலையத்துக்கு உடனே செய்தி சென்றிருந்தால் ஏணி முன்னதாக வந்திருக்கும். அண்டை வீட்டாரும் உதவிப் படையினருள் ஒருவரே என்பதையும் அன்று கொல்கத்தா உலகுக்குக் காட்டியது.

ஆதலின் ஆட்சிக் குழு ஒரு முடிவு செய்துள்ளது. நம் மன்றத்துக்கு ஓர் ஆபத்துக்காலத் திட்டம் வகுக்கப்பெறும். அதனை நாம் மட்டும் அறையில் அமர்ந்து எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டப் போவதில்லை. அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அதிகாரியையும், காவல் நிலையத்தாரையும், ஆம்புலன்ஸ் பணியினரையும், வட்டார அலுவலகத்தாரையும் இம்மன்றத்துக்கு வரவழைத்து, அவர்களோடு தளந்தோறும் நடந்து, அவர்கள் கேட்பதற்கு விடை கூறி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு அத்திட்டத்தை வகுப்போம்.

அவர்கள் என்ன கேட்பர்? தீயணைப்பு வண்டி பல டன் எடையுள்ளது. அது நம் தெருவில் திரும்ப முடியுமா? விழா நாளில் இருபுறமும் ஸ்கூட்டரும் காரும் நின்றால் நுழைய முடியுமா? மெயின் ஸ்விட்ச் எங்கே? ஜெனரேட்டர் எங்கே? நீர்த்தொட்டி எங்கே, அதில் எவ்வளவு நீர் இருக்கும்? பின்வாயிலின் சாவி யாரிடம், இரவு 10 மணிக்குப் பின் யாரிடம்? கதவுகள் உட்புறம் திறக்கின்றனவா, வெளிப்புறம் திறக்கின்றனவா? மாடத்திலிருந்து இறங்கப் படிக்கட்டுகள் எத்தனை? சமையற்கூடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை சிலிண்டர்கள் இருக்கும்? நடக்க இயலாதவர் எந்த நாள்களில் மிகுதியாக வருவர்? இவ்வினாக்களின் விடைகளை ஒரு வரைபடத்தோடு எழுதி, ஒரு படியை அவர்கள் நிலையத்திலும், ஒரு படியை நம் வாயிற்காவலரிடமும் வைத்தல் வேண்டும். 1944இல் அக்கப்பலின் வயிற்றிலுள்ளது கரையிலிருந்தோர்க்குத் தெரியாமற்போயிற்று. நம் மன்றத்தின் வயிற்றிலுள்ளது நம்மைக் காக்க வருவோர்க்குத் தெரிந்திருக்கட்டும்.

சமையற்கூடத்தைப் பற்றி ஒரு சொல் மிகையாகாது. திருமண நாள்களில் அங்கே 19 கிலோ சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். புகை மேலே ஏறும் இயல்புடையது. ஆகவே புகை சூழ்ந்த அறையில் குனிந்து தவழ்ந்து செல்வோர்க்கு மூச்சுவிடச் சிறிது நல்ல காற்றுக் கிட்டும். சமையல் வாயுவின் இயல்போ வேறு. அது காற்றினும் கனமானது. தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்கும். எனவே சிலிண்டரை அடித்தளத்திலோ பள்ளமான அறையிலோ வைத்தல் கூடாது. வாயுவின் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும். கொதிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றுதல் தீயைப் பரப்பும். மின்கம்பியில் பற்றிய தீக்கும் நீர் ஆகாது. எத்தீக்கு எந்த அணைப்பான் என்பதைத் தீயணைப்புப் படையினரே நம் சமையற்காரர்க்கும் மகளிர் அணிக்கும் செய்து காட்ட வேண்டுவோம்.

நம் பண்பாட்டுக்கே உரிய சில ஆபத்துகளும் உண்டு. குத்துவிளக்கு ஏற்றாமல் நாம் எதனையும் தொடங்குவதில்லை. அவ்விளக்கு மேடைத் திரையினின்று எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று நோக்குவோர் சிலரே. கற்பூர ஆரத்தி எடுக்கும் இடத்தில் பட்டுப் பாவாடைச் சிறுமியர் நெருங்கி நிற்பர். நவராத்திரிக் கொலுவுக்கும் கார்த்திகைக்கும் மின்விளக்குச் சரங்கள் ஒரே பிளக்கில் அடுக்கடுக்காகச் செருகப்படும். மேடை அலங்காரத்துக்குத் தெர்மோகோல் வந்தபின் அழகு மிகுந்தது. எரியும் விரைவும் மிகுந்தது. விளக்கை நாம் விடப்போவதில்லை. விளக்குக்கு அருகே ஒருவரைக் காவல் நிறுத்துவோம்; திரையைத் தள்ளிக் கட்டுவோம்.

அடுத்து, அழைப்பு. தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா உதவிக்கும் 112, மாநகராட்சியின் பேரிடர்ப் பிரிவுக்கு 1916. எண்கள் எளியவை, பேசுவதே கடினம். நம் குடும்பங்களில் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்கியுள்ள முதியோர் பலர். அவர்களுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பகற்பொழுதில் வீட்டிலும் மன்றத்திலும் இருப்பவர் அவர்களே. ஆபத்து அவர்கள் கண்முன் தோன்றினால் மறுமுனையில் உள்ளவரிடம் என்ன சொல்வர்? ‘ஆக்’ என்றால் நெருப்பு. ‘தூர்’ என்றால் புகை. ‘ஜினா’ என்றால் படிக்கட்டு. ‘பத்தா’ என்றால் முகவரி. இத்தகைய இருபது சொற்களையும், மன்றத்தின் முகவரியையும், அருகிலுள்ள அடையாளத்தையும் மராத்தியில் எவ்வாறு சொல்வது என்பதைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தருவோம். இப்பணியை நம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் ஒப்படைத்துள்ளோம். பள்ளியில் மராத்தி பயின்ற பேரப்பிள்ளை தன் பாட்டிக்கு ஆசிரியராவதைக் காண நமக்கும் மகிழ்ச்சியே. தமிழைக் காக்க நாம் மன்றம் அமைத்தோம். அம்மன்றத்தைக் காக்க இம்மண்ணின் மொழியும் நமக்குத் துணை நிற்கிறது.

ஆபத்து வேளையில் எல்லோரும் எல்லாம் செய்ய முற்பட்டால் எதுவும் நடவாது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐவர் பெயர் முன்னரே எழுதப்பெறும். ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். ஒருவர் ஒலிபெருக்கியில் அமைதியாக அறிவிப்பார். ஒருவர் மின்சாரத்தையும் சிலிண்டர்களையும் நிறுத்தச் செய்வார். ஒருவர் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வார். லிப்டில் எவரும் ஏறாமல் தடுப்பார். ஐந்தாமவர் தெருமுனையில் நின்று வண்டியை எதிர்கொண்டு அழைத்து வந்து, மன்றத்தின் வரைபடத்தை அதிகாரியின் கையில் கொடுப்பார். உள்ளே எவரேனும் எஞ்சியுள்ளாரா என்பதையும் சொல்வார். இக்கடைசிச் செய்தியே மிக முதன்மையானது. எல்லோரும் வெளியேறிவிட்ட கட்டடத்துள் ஒரு வீரர் நுழைந்து உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது. ஒருவர் எஞ்சிய கட்டடத்தின்முன் அவர் தயங்கி நிற்றலும் ஆகாது. ஆதலின் வெளியே வந்தோர் கலைந்து வீட்டுக்கு ஓடாமல், குறித்த ஓரிடத்தில் கூடித் தலையெண்ணிக்கை கொடுத்தல் வேண்டும்.

நெஞ்சு நின்றுபோனவர்க்கோ தீயினும் குறைவான நேரமே உண்டு. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது என்பது மருத்துவர் கண்டது. மும்பையின் நெரிசலில் ஆம்புலன்ஸ் எத்துணை விரைந்தாலும் சில நிமிடங்கள் ஆகும். அந்நிமிடங்கள் நம் கையில் உள்ளன. மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் எவரும் கற்கக்கூடிய கலை. நம் இளைஞர் 30 பேரேனும் இதனைப் பயிற்றுநரிடம் கற்கப் பெயர் கொடுத்தல் வேண்டும்.

மழையையும் மறத்தல் ஆகாது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். அத்தகைய நாளில் மன்றம் வழிப்போக்கர்க்கும் அண்டைத் தெருவார்க்கும் புகலிடமாகும். எத்தனை பேர்க்கு இடம் உண்டு, குடிநீர் எவ்வளவு, மேல்தளத்துக்கு எவ்வழி என்பதை வட்டார அலுவலகம் முன்னரே அறிந்திருந்தால் நம்மிடம் ஆளனுப்பும். நமக்குப் பொருளும் அனுப்பும்.

இத்திட்டத்தைக் கேட்ட அன்பர் சிலர் நம்மிடம் ஐயம் எழுப்பினர். அதிகாரிகளை நாமே அழைத்தால், குறை கண்டு மன்றத்தைப் பூட்டிவிடுவரோ என்பது முதல் ஐயம். மராட்டிய மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், இத்தகைய கட்டடங்களின் தீத்தடுப்புச் சாதனங்கள் செம்மையாக உள்ளன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ‘பி’ படிவச் சான்று பெற்று, ஆண்டுதோறும் சனவரியிலும் ஜூலையிலும் தீயணைப்புத் துறைக்கு அளிக்க வேண்டும் என்கிறது. சட்டம் கேட்பதைச் செய்யும் சங்கத்துக்கு அச்சம் எதற்கு? குறை ஒன்று இருக்குமாயின், அதனை அதிகாரியின் கண் காண்பது மேலா, நெருப்பின் கண் காண்பது மேலா என்று எண்ணிப் பாருங்கள்.

செலவு என்பது இரண்டாவது ஐயம். வரைபடத்துக்கும் அச்சுக்கும் ஆகும் செலவு சிறிது. உண்மையான செலவு வேறொன்று. அதனை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். நம் மண்டபத்தில் 400 நாற்காலிகளுக்கே இடம். இனி நடைவழியில் ஒரு நாற்காலியும் போடப்படாது. படிக்கட்டின்கீழ்ப் பந்தற் சாமான்கள் வைக்கப்படா. நிகழ்ச்சி நடக்கும்போது எக்கதவும் பூட்டப்படாது. இடம் நிரம்பியபின் வருவோர்க்கு, அவர் எத்துணைப் பெரியவராயினும், எவ்வளவு நன்கொடை தந்தவராயினும், வாயிலில் நிற்கும் தொண்டர் கைகூப்பி, ‘அடுத்த காட்சிக்கு வாருங்கள் ஐயா’ என்றே சொல்வார். பொங்கல் விழாவை இருமுறையாக நடத்த வேண்டிவரும். கலைஞர்க்கும் நமக்கும் உழைப்பு இரட்டிக்கும். வாடகை வருவாயும் சிறிது குறையும். தம் உறவினரை நாற்காலி போட்டு அமர்த்த இயலாத வருத்தம் பலர்க்கு உண்டாகும். அவ்வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு இன்றே வேண்டுகிறோம். உப்ஹார் மாடத்தில் அடைபட்ட நடைவழியும் சில கூடுதல் நாற்காலிகளுக்காக அடைபட்டதே.

மூன்றாவது ஐயம், ‘இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லையே’ என்பது. டப்வாலியிலும் கும்பகோணத்திலும் அதற்கு முந்திய நாள் வரை ஒன்றும் நேர்ந்ததில்லை. இதற்குமேல் விடை வேண்டுவதில்லை.

திட்டம் எழுதியபின் அதனை ஆண்டுக்கு இருமுறையேனும் நடத்திப் பார்த்தல் வேண்டும். சங்கு ஒலித்ததும் எல்லோரும் எழுந்து, அருகிலுள்ள வழியே வெளியேறி, குறித்த இடத்தில் கூடி, எண்ணிக்கை கொடுப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தீயணைப்பு அதிகாரியே கடிகாரம் பிடித்துப் பார்க்கட்டும். நாம் பெரும்பாலும் வந்த வாயிலை நோக்கியே ஓடும் இயல்பினர். பக்கத்துக் கதவு திறந்திருந்தும் அதனைக் காண்பதில்லை. ஒருமுறையேனும் அப்பக்கத்துக் கதவு வழியே நடந்தவரின் கால், ஆபத்து நாளில் அதனைத் தானே தேடும். குழந்தைகள் இதனை விளையாட்டாகவே கற்றுக்கொள்வர். பெரியோர் வெட்கப்படாமல் உடன் வருதல் வேண்டும்.

இனி, முன்னர்ச் சொல்லாது நிறுத்திய செய்திக்கு வருவோம். வரும் சித்திரைத் திருநாளன்று, தீயணைப்பு நிலையத்தார் தம் நினைவு வணக்கத்தை முடித்த பின்னர், நாம் குடும்பத்தோடு அந்நிலையத்துக்குச் செல்வோம். உயிர்நீத்த அவ்வீரர்க்கு மலர் வைப்போம். பணியில் உள்ளோர்க்கு நம் புத்தாண்டு விருந்தைக் கொண்டு சென்று பரிமாறுவோம். தீயணைப்பு வாரத்துள் அவர்களுக்கு இயலும் ஒரு நாளில் அவர்களை இம்மன்றத்துக்கு அழைத்து வந்து, வாயில் முதல் மொட்டைமாடி வரை காட்டுவோம். அவர்கள் முகம் நமக்கும், நம் முகம் அவர்களுக்கும் பழகட்டும்.

ஊர்விட்டு வந்த நமக்கு இந்நகரில் உறவு என்பது நாமாகத் தேடிக்கொள்வதே. கடைக்காரரையும் பால்காரரையும் பள்ளி ஆசிரியரையும் நாம் அவ்வாறே உறவாக்கிக்கொண்டோம். நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகையினின்று வெளிவரப்போகும் கைகளை மட்டும் அயலார் கைகளாக ஏன் விட்டுவைக்க வேண்டும்? அவரை அழைக்கும் நாள் வராதிருக்கட்டும். வந்தால், அவர்க்கு வழி தெரிந்திருக்கட்டும்.

பயிற்சிக்கும் தொண்டுக்கும் பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் வரவேற்பு மேசையில் எழுதித் தருமாறு வேண்டுகிறோம். தாய்மார்களின் பெயர்களை முதலில் எதிர்பார்க்கிறோம். இன்று கலைந்து செல்லும்போது ஒரு சிறு செயலும் செய்யுங்கள்: நீங்கள் வந்த வாயில் வழியே செல்லாமல், உங்கள் இருக்கைக்கு அருகிலுள்ள பக்கக் கதவு வழியே வெளியே செல்லுங்கள். தொண்டர்கள் அங்கே விளக்கோடு நிற்கின்றனர்.